குளிர்த்திக்குப் போன கார் கொதித்த கதை

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கல்முனைக்குச் செல்லும் கடற்கரைப் பெருவீதியை அறியாதார் கிழக்கிலங்கையில் இலர். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. இரண்டிற்கும் நடுவே வெண்மணலும் தென்னஞ்சோலையும், ஊரோடு ஊர் ஒட்டி நிற்கும் குடியிருப்புகளும். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, பாண்டிருப்பு எனத் தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வர, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் கடந்தால் கல்முனைப் பட்டினம் வந்துவிடும். அதற்கு அப்பால் சாய்ந்தமருது. அதனையும் கடந்தால் காரைதீவு.

காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசி மாதத்தில் குளிர்த்தி நடைபெறுவதை வாசகர்கள் அறிவார்கள். மதுரையை எரித்த பத்தினியின் வெம்மையைத் தணித்து, ஊருக்கு மழையும் நலமும் வேண்டி நிற்கும் சடங்கு அது. எமது அன்னையார் எழுபதைத் தாண்டியவர். சென்ற ஆண்டு அவருக்கு நேர்ந்த நோய் தீர்ந்ததன் பொருட்டு, இவ்வாண்டுக் குளிர்த்திக்கு வந்து கும்பிடுவதாக நேர்ந்திருந்தார். ஆகவே, அன்னையார், மனைவி, உயர்தர வகுப்பில் கல்வி பயிலும் மகன் ஆகிய மூவரையும் ஏற்றிக்கொண்டு, எமது பழைய மொறிஸ் மைனர் காரில் புறப்பட்டோம். குளிர்த்தி காணப் புறப்பட்ட கார் நடுவழியில் கொதித்து நின்றது. அந்தக் கதையையும், அதனால் நாம் கற்ற பாடத்தையுமே இங்கு எழுதுகின்றோம். நாமோ கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவர். கற்பிப்பவரே கற்றுக்கொண்ட பாடம் என்பதால் இதனைச் சொல்வதற்குச் சிறிது கூச்சமும் உண்டு.

கடைத்தெருவில் எழுந்த ஆவி

எமது கார் தந்தையார் காலத்தது. 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கம்வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட குலத்தைச் சேர்ந்தது. அதன் பிறவி எஞ்சின் சில ஆண்டுகளுக்கு முன் தன் ஆயுளை முடித்துக்கொண்டது. அதற்குப் பதிலாக ஒரு ஜப்பானிய எஞ்சினைப் பொருத்துவித்தோம். மாற்றத்தை முறைப்படி பதிவுப் புத்தகத்திலும் ஏற்றுவித்தோம். புதிய எஞ்சின் சற்று நீளமானது. அதனால் எஞ்சினின் முகப்பிலே பெல்ற்றினால் சுழலும் விசிறிக்கு இடமில்லாது போயிற்று. வேலை செய்தவர் அவ்விசிறியைக் கழற்றிவிட்டு, ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு சிறு மின்விசிறியைக் கட்டி, அதற்குரிய சுவிச்சை எமது முழங்காலுக்கு அருகே பொருத்தித் தந்தார். நெரிசலுக்குள் செல்லும்போது போட்டுக்கொள்ள வேண்டும். வெளிவீதியில் நிறுத்திவிட வேண்டும். இதுவே ஏற்பாடு.

அன்று கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்தது. மேற்கே மலைகளைக் கடந்து, ஈரமெல்லாம் இழந்து, வயல்வெளிகளின் மேலாக அனலாய் வரும் காற்று அது. கல்முனைக் கடைத்தெருவை அடைந்தபோது பிற்பகல் நான்கு மணி. பஸ் வண்டிகளும், ஓட்டோக்களும், உரமூடை ஏற்றிய உழவு இயந்திரங்களும் ஒன்றையொன்று நெருக்கி நின்றன. அன்னையாரோ தாம் சிறுமியாக இருந்த நாளில் மாட்டுவண்டியில் குளிர்த்திக்கு வந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அதைக் கேட்ட சுவையில் சுவிச்சை மறந்தோம். வெப்பமானியின் முள்ளோ எப்போதும்போல் நடுவிலேயே நின்றது. திடீரென முன்மூடியின் இடுக்குகளிலிருந்து வெண்ணிற ஆவி சீறி எழுந்தது.

காரை ஓரமாக நிறுத்தினோம். மகன் துள்ளி இறங்கி, முன்மூடியை உயர்த்தி, ரேடியேற்றர் மூடியைத் திருகுவதற்குக் கையை நீட்டினான். அப்பொழுது, "தம்பி! மூடியில கை வைக்காதீங்க!" என்று ஓர் அதட்டல் கேட்டது. மகனின் கை நின்றது. எதிரே இருந்த கராஜிலிருந்து நரைத்த தாடியும் தோளிலே துவாயுமாக ஒருவர் விரைந்து வந்தார். தமது வலது முன்கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கி வெளிறியிருந்தது. "இது நான் பதினெட்டு வயசில திறந்த மூடி" என்றார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"காக்கா, இப்பொழுது என்ன செய்யலாம்?" என்று வினவினோம்.

"சேர், அரை மணித்தியாலம் ஒண்டும் செய்யாம இருக்கிறதுதான் இப்ப செய்யவேண்டிய வேல" என்றார் அவர்.

அன்னையாரின் முகவாட்டத்தை அவர் கண்டிருக்க வேண்டும். கராஜுக்குப் பின்னால் இருந்த தமது வீட்டில் அவரை இருக்கச் செய்து தேநீர் கொடுப்பித்தார். பின்னர் தமது மகனை அழைத்து, ஓட்டோவில் அன்னையாரையும் மனைவியையும் காரைதீவுக்கு அனுப்பிவைத்தார். "அம்மா, நீங்க குளிர்த்திக்குப் போய் வாங்க. காருக்குரிய குளிர்த்திய நாங்க இங்க பாக்கிறம்" என்று அவர் சொன்னபோது அன்னையாரும் சிரித்துவிட்டார்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

எஞ்சினுக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 பாகை செல்சியஸையும் தாண்டும். முசலம் செய்யப்படும் அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். அது உருகாதிருப்பது, ஒவ்வொரு கணமும் வெப்பம் அப்புறப்படுத்தப்படுவதாலேயே ஆகும். நாம் ஊற்றும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டுகின்றது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகின்றது. எஞ்சிய பங்கை நீர் வாங்கிக்கொண்டு ரேடியேற்றருக்குச் சென்று, அங்குக் காற்றிடம் ஒப்படைக்கின்றது. ஆகவே நீர் சுமைகாரனேயன்றி, சுமையை இறக்கும் இடம் அன்று. இறக்குமிடம் காற்று. காற்று வந்து வாங்காவிடில் நீர் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

இவ்வுண்மை கார் பிறந்த காலத்திலேயே உணரப்பட்டது. 1886இல் ஜேர்மனியில் கார்ல் பென்ஸ் தமது முதல் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றபோது, எஞ்சினைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகிப் போக விடப்பட்டது. போன நீரை இடையிடையே நிரப்ப வேண்டியிருந்தது. 1900ஆம் ஆண்டளவில் வில்ஹெல்ம் மைபாக், மேர்சிடிஸ் காருக்கென எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சிறு சதுரக் குழாய்களை ஒன்றாகப் பிணைத்துத் தேன்கூட்டைப் போன்ற ரேடியேற்றரை அமைத்தார். மெதுவாகச் செல்லும்போதும் காற்று அதனூடே செல்லவேண்டும் என்பதற்காகப் பின்னால் ஒரு விசிறியையும் வைத்தார். இன்றைய கார்களில் காண்பதெல்லாம் அந்த அமைப்பின் வழித்தோன்றலே.

விசிறிக்கு எசமான் யார்?

காக்கா எம்மிடம் கேட்ட முதற் கேள்வியை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். "சேர், உங்கட விசிறி ஆருடைய சொல்லக் கேட்டுச் சுத்துது?" என்று அவர் கேட்டார். விசிறியின் வரலாறு முழுவதும் இக்கேள்வியில் அடங்கிவிடுகின்றது.

பழைய காரிலே விசிறி எஞ்சினின் சொற்கேட்டுச் சுழன்றது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பெல்ற் வழியே விசிறியும் வேகமாகச் சுற்றும். எஞ்சின் மெதுவானால் விசிறியும் மெதுவாகும். எளிமையும் உறுதியும் கொண்ட ஏற்பாடு இது. ஆயினும் இதிலே ஒரு முரண்பாடு உண்டு. வெளிவீதியில் 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் காருக்கு எதிர்காற்றே போதும், விசிறி வேண்டியதில்லை. அவ்வேளையிற்றான் அது முழு வேகத்தோடு சுழல்கின்றது. நெரிசலில் அசையாது நிற்கும்போது விசிறியே கதி. அவ்வேளையிற்றான் அது சோம்பிச் சுழல்கின்றது. விசிறியைச் சுழற்றத் தேவையான வலு, வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும் என்பதைப் பௌதிக மாணவர் அறிவர். வேகம் இருமடங்கானால் வலு எட்டு மடங்காகும். ஐந்து மடங்கானால் நூற்றிருபத்தைந்து மடங்காகும். அத்தனை வலுவும் எரிபொருளிலிருந்து வீணே கழிவதாகும். பழைய கார்கள் நெரிசலிலும் ஓரளவு தாக்குப்பிடித்தமைக்குக் காரணம், அவற்றின் எஞ்சின்கள் சிறியவையாகவும் ரேடியேற்றர்கள் தாராளமானவையாகவும் இருந்தமையே.

எமது மாற்றியமைத்த காரிலோ விசிறி எமது நினைவின் சொற்கேட்டுச் சுழன்றது. நினைவு ஒரு கதையிலே சென்றுவிட்டால் விசிறிக்குக் கட்டளை இடுவார் இல்லை. உண்மையில் விசிறிக்கு எசமானாக இருக்கவேண்டியது எஞ்சினின் வேகமுமன்று, ஓட்டுநரின் நினைவுமன்று, வெப்பமே. நீர் சூடேறினால் விசிறி எழவேண்டும், தணிந்தால் அடங்கவேண்டும். காக்காவின் வைத்தியம் முழுவதும் இவ்வொரு கொள்கையைப் பற்றியே அமைந்தது.

வெப்பம் நண்பனான காலம்

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். சூடு என்றாலே தீங்கு என்று எண்ணி, சிலர் விசிறியை இடைவிடாது சுழலவிடுவர். இன்னும் சிலர், எஞ்சினுக்குள் நீரின் வழியைத் திறந்து மூடும் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்துவிடுவர். இரண்டும் தவறு. தேர்மோஸ்ராற்றினுள்ளே உருகும் மெழுகு உண்டு. குறித்த வெப்பநிலையில் அது உருகிப் பருத்து வழியைத் திறக்கும். அதுவரை எஞ்சின் விரைவாகச் சூடேறட்டும் என்பதே அதன் நோக்கம். குளிர்ந்த எஞ்சினில் எரிபொருள் நன்கு ஆவியாகாது, எஞ்சின் எண்ணெய் கெட்டியாக நிற்கும், தேய்வும் மிகும்.

இதனை எம்மவர்க்குத் தெளிவாகக் கற்பித்தது யாழ்ப்பாணம். 1990களில் பொருளாதாரத் தடையினால் அங்குப் பெற்றோல் அரிதாயிற்று. அப்பொழுது மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை எழுப்புவர்; சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயைப் பாய்ச்சுவர். பெற்றோல்போல் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. எஞ்சின் சூடாயிருந்தாலே அது எரியும். குளிர்ந்திருந்தால் எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி, கீழேயுள்ள எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்துவிடும். அம்பாறை வயல்களில் முன்னாளில் உழுத பேர்கசன் உழவு இயந்திரங்களிலும், பெற்றோலில் எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளுக்கு மாற்றும் வகை ஒன்று இருந்தது. அங்கெல்லாம் வெப்பம் பகைவனாக அன்றி, நண்பனாகவே மதிக்கப்பட்டது. ஆகவே வெப்பத்தை விரட்டுவதை விட, அதனை ஓர் எல்லைக்குள் நிறுத்துவதே எம் நோக்கமாதல் வேண்டும். பெரும்பாலான எஞ்சின்களுக்கு 80 பாகைக்கும் 95 பாகைக்கும் இடைப்பட்டதே அவ்வெல்லை.

இரண்டு எண்களின் இரகசியம்

மறுநாள் காலையில் காக்கா வேலையைத் தொடங்கினார். முதலில் பழைய மின்விசிறியை ஆராய்ந்தார். ரேடியேற்றருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கும்படி செய்யப்பட்ட விசிறி அது. அதனை முன்னால் கட்டி, வயர்களை மாற்றித் திருப்பிச் சுழலவிட்டிருந்தார்கள். இதழ்களின் வளைவு ஒரு திசைக்கே உரியது. எதிர்த்திசையிற் சுழன்றால் ஓசை வரும், காற்று வாராது. காக்கா ஒரு பழைய பத்திரிகைத் தாளை ரேடியேற்றரின் முன்னால் பிடித்துக் காட்டினார். நல்ல விசிறியானால் தாள் தானே சென்று ஒட்டிக்கொள்ள வேண்டும். எமது தாள் தயங்கித் தயங்கி ஆடியது.

தட்டையான உடலுடைய வேறொரு மின்விசிறியைத் தேடி எடுத்து, எஞ்சினுக்கும் ரேடியேற்றருக்கும் இடையே இருந்த குறுகிய வெளியில் அமைத்தார். அதனைச் சூழத் தகரத்தால் ஒரு கூடு செய்து, விளிம்புகளை அடைத்தார். கூடு இல்லாவிடில் விசிறி தனக்கு எதிரேயுள்ள வட்டத்திலிருந்து மட்டுமே காற்றை இழுக்கும். பக்கத்து வெளிகளிலிருந்து வெப்பக்காற்றும் புகுந்து சுழன்றுகொண்டிருக்கும். கூடு இருந்தால் ரேடியேற்றரின் முழுப் பரப்பினூடும் காற்று வரும். இப்பொழுது தாள் சட்டென்று ஒட்டிக்கொண்டது.

அடுத்தது வெப்பச் சுவிச். எஞ்சினிலிருந்து சூடான நீர் வெளிவரும் மேற்குழாயில் அதனைப் பொருத்தினார். மேற்றொட்டியின் உச்சியில் ஏன் பொருத்தவில்லை என்று மகன் கேட்டான். நீர் சிறிது குறைந்துவிட்டால் உச்சியில் உள்ள சுவிச் நீரைத் தொடாது நிற்கும் என்றும், அப்பொழுது அது பொய் சொல்லும் என்றும் காக்கா விளக்கினார்.

சுவிச்சின்மீது 92 என்றும் 87 என்றும் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அதனைப் பொருத்துமுன் எமது ஆசிரியப் புத்தி சும்மா இருக்கவில்லை. ஒரு பாத்திரத்தில் நீரைக் காய்ச்சி, வெப்பமானியோடு சுவிச்சின் நுனியையும் அமிழ்த்தி, சிறு மின்குமிழ் ஒன்றையும் பற்றரியையும் இணைத்துப் பார்த்தோம். 92 பாகையளவில் குமிழ் எரிந்தது. அடுப்பை அணைத்துக் காத்திருந்தோம். 91 ஆயிற்று, 90 ஆயிற்று, குமிழ் எரிந்துகொண்டே இருந்தது. 87ஐ அடைந்தபோதே அணைந்தது. மாணவர்கள் இப்பரிசோதனையைப் பெரியவர்களின் துணையோடு பாடசாலையிலேயே செய்து பார்க்கலாம்.

இரண்டு எண்கள் எதற்கு? ஒரே எண்ணில் எரியவும் அணையவும் செய்தால், வெப்பநிலை அவ்வெண்ணைச் சுற்றி அசையுந்தோறும் விசிறி கணத்துக்குக் கணம் எழுந்து எழுந்து அடங்கும். மோட்டாரும் சுவிச்சும் விரைவில் அழியும். இடையிலுள்ள ஐந்து பாகையே விசிறிக்குப் பொறுமை தருகின்றது. இன்னொன்றும் உண்டு. எமது தேர்மோஸ்ராற் 82 பாகையில் திறப்பது. விசிறி அணையும் எண் அதற்கு மேலேயே இருத்தல் வேண்டும். கீழே இருந்தால், விசிறி ஒருபுறம் தணிக்கத் தேர்மோஸ்ராற் மறுபுறம் வழியை மூட, இரண்டும் வழக்காடிக்கொண்டிருக்கும். விசிறியும் ஓயவே மாட்டாது.

சிறு சுவிச்சும் பெரு மின்னோட்டமும்

மின்விசிறி 120 வாற்று வலுவுடையது. பற்றரி 12 வோல்ற்று. ஆகவே 10 அம்பியர் மின்னோட்டம் ஓடும். எழும் கணத்தில் அதனிலும் பன்மடங்கு ஓடும். அத்தனையும் சிறு சுவிச்சினூடே சென்றால் அதன் முனைகள் கருகிவிடும். இதற்காகவே ரிலே பொருத்தப்படுகின்றது. சுவிச் ரிலேயின் காந்தச் சுருளுக்கு மட்டும் ஒரு சிறு மின்னோட்டத்தை அனுப்பும். சுருள் காந்தமாகி, உள்ளே இருக்கும் தடித்த முனைகளை மூடும். பெரிய மின்னோட்டம் அவ்வழியே பற்றரியிலிருந்து விசிறிக்கு நேரே செல்லும். வாயிற்காவலன் ஒரு சொல் சொல்ல, வலியவர்கள் பெருங்கதவைத் திறப்பது போன்றது இது.

பற்றரிக்கு மிக அருகிலேயே பியூஸ் வைத்தார் காக்கா. இடையிலே வயர் உராய்ந்து இரும்பைத் தொட்டால், காருக்குத் தீப்பிடிக்குமுன் பியூஸ் உருகவேண்டும். வயரும் தடித்ததாகவே இருத்தல் வேண்டும். மெல்லிய வயர் தானே சூடேறி, விசிறிக்குச் செல்லும் வோல்ற்றையும் உறிஞ்சிவிடும். மூட்டுகள் ஒவ்வொன்றையும் இறுக நெரித்து, கிறீஸ் பூசி, மேலே உறையிட்டார். "கடலுக்குப் பக்கத்தில உள்ள ஊர், சேர். உப்புக் காத்து ஒரு வருசத்தில வயரப் பச்சையாக்கிப் போடும்" என்றார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையை மூடியபின், உப்புநீரில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ அவர் கைக்கு வந்தனவாம். மின்மூட்டுக்கு உப்பு என்ன செய்யும் என்பதை அப்பொழுதே கற்றதாகச் சொல்லிவிட்டு, அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். நாமும் பேசவில்லை.

பொய் சொன்ன முள்

கார் கொதித்தபோது வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றது என்று முன்னர் கூறினோம். அதன் காரணமும் வெளிப்பட்டது. மொறிஸ் மைனருக்குப் பொதுவாகத் தொழிற்சாலையில் வெப்பமானி வைப்பதில்லை; எமது தந்தையார் பிற்காலத்தில் ஒன்றை வாங்கிப் பொருத்தியிருந்தார். எஞ்சினை மாற்றியபோது அம்மானியைப் புதிய எஞ்சினோடு வந்த உணரியில் இணைத்துவிட்டார்கள். வெப்பத்துக்கு ஏற்ப உணரியின் மின்தடை மாறும். மானி அதனை முள்ளின் அசைவாகக் காட்டும். உணரியும் மானியும் ஒரே அளவுமுறைக்குச் செய்யப்பட்டிராவிடில் முள் ஏதோ ஒன்றைக் காட்டுமேயன்றி உண்மையைக் காட்டாது. மூன்று ஆண்டுகளாக நாம் நம்பி வந்தது அந்தப் பொய்யையே. எஞ்சினை மாற்றிய நாம், அதனைப் பார்க்கும் கண்ணை மாற்றவில்லை. காக்கா பொருத்தமான உணரியை மாற்றியதோடு, 105 பாகையில் எரியும் ஒரு செந்நிற விளக்கையும் தனியாக அமைத்தார்.

இன்று எம் நாட்டில் எஞ்சின் மாற்றிய பழைய கார்கள் பல ஓடுகின்றன. 1977க்கு முந்திய ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 2020 மார்ச்சிலும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி பிறந்தது 2025 பெப்ரவரியிலேயே. இத்தகைய காலங்களில் உள்ளதைக் கொண்டே ஓடவேண்டியதாயிற்று. இதில் இழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால், தொழிற்சாலையில் கார் செய்தவர்கள் எஞ்சின், ரேடியேற்றர், விசிறி, தேர்மோஸ்ராற், மானி ஆகியவற்றை ஒன்றுக்கொன்று பொருந்துமாறு கணக்கிட்டே வைத்திருப்பார்கள். அவற்றுள் ஒன்றை மாற்றும் நாளிலேயே, ஏனையவற்றைப் பற்றிய பொறுப்பும் அவர்களிடமிருந்து எம் கைக்கு வந்துவிடுகின்றது. இதனை உணராமையே எமது பிழை.

கொதித்தால் செய்யவேண்டியது

குடும்பத்தோடு செல்வோர் மனத்திற்கொள்ளவேண்டிய சிலவற்றைத் தொகுத்துச் சொல்வோம்.

கடல்மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியா போன்ற உயரத்தில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். இதனாலேயே ரேடியேற்றரை வில் பொருந்திய மூடியால் அழுத்தி அடைக்கின்றார்கள். சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தமுள்ள மூடியின் கீழ் நீர் ஏறத்தாழ 111 பாகைவரையும், 13 இறாத்தல் மூடியின் கீழ் ஏறத்தாழ 119 பாகைவரையும் கொதியாது நிற்கும். ஆனால் அந்நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று நீங்கி, உள்ளிருக்கும் நீர் முழுவதும் ஒரே கணத்தில் பொங்கி முகத்திலும் கையிலும் பாயும். காக்காவின் முன்கையில் நாம் கண்டது அதுவே. ஆகவே அரை மணி நேரமாவது பொறுத்து, மேற்குழாயைத் தொட்டு, கை தாங்கும் சூடாக இருந்தால் மட்டுமே, தடித்த துணியால் மூடியைப் பற்றிச் சிறிது சிறிதாகத் திறத்தல் வேண்டும். பிள்ளைகளை அருகில் விடலாகாது. பழைய ரேடியேற்றருக்கு அளவுக்கு மிஞ்சிய அழுத்தமுள்ள மூடியைப் போடுவதும் ஆபத்து, மூட்டுகள் விட்டுவிடும்.

செம்முள் ஏறக் கண்டதும் காரை ஓரமாக நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். "இன்னும் ஒரு கட்டைதானே" என்று ஓட்டினால், சிலிண்டர் தலை வளைந்து, கஸ்கற் எரிந்து, செலவு பலமடங்காகிவிடும். கொதித்த எஞ்சினில் குளிர்நீரை ஊற்றினால் சூடான இரும்பு வெடிக்கவுங்கூடும். இக்கரையோரத்துக் கிணற்று நீர் பல இடங்களில் உவர் கலந்தது. வழியில் வேறு கதியின்றி அதனை ஊற்றினாலும், வீடு சேர்ந்ததும் வடித்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரும் குளிர்ப்புத் திரவமும் கலந்து நிரப்புதல் வேண்டும். இல்லாவிடில் கேத்தலின் அடியில் படிவதுபோல் உள்ளேயும் படிந்து குழாய்களை அடைத்துவிடும்.

இன்னும் ஒன்று. வெப்பத்தின் சொற்கேட்கும் விசிறி, எஞ்சின் நின்றபின்னரும் தானாக எழக்கூடும். எனவே முன்மூடியைத் திறந்து பார்ப்போர் விரலையோ சேலைத் தலைப்பையோ அதன் அருகே கொண்டுசெல்லலாகாது.

திரும்பிய வழியில்

அன்னையார் குளிர்த்தியை நிறைவாகக் கண்டு, கோயில் வேப்பிலையோடு காத்திருந்தார். அவரை அழைத்துக்கொண்டு மீண்டும் கல்முனைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். அதே நெரிசல், அதே கச்சான். முள் மெல்ல ஏறுவதைக் கண்டு எமது கை தன்னையறியாமல் பழைய சுவிச்சை நாடியது. அதற்குள் முன்னால் ஓர் இரைச்சல் எழுந்தது.

"என்ன சத்தம் மகன்?" என்றார் அன்னையார்.

"விசிறிதான் அம்மா. தானாகவே சுழல்கிறது" என்றோம்.

"அப்ப நான் கதைய விட்ட இடத்திலயிருந்து சொல்லலாம்" என்று அவர் மாட்டுவண்டிக் கதையைத் தொடர்ந்தார். முள் இறங்கிற்று, இரைச்சலும் அடங்கிற்று.

கராஜின் முன்னால் நிறுத்தி, காக்காவுக்குக் கோயிலிலிருந்து கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை அன்னையார் தம் கையாலேயே கொடுத்தார். வேலைக்குரிய கூலியை வாங்கிய அவர், ஓட்டோவுக்குரியதை எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை.

அவ்வேளை மகன் ஒரு கேள்வி கேட்டான். "வெப்பச் சுவிச்சே பழுதாகிவிட்டால் என்ன செய்வது?" காக்கா முகம் மலர்ந்து, எமது முழங்காலருகே இருந்த பழைய சுவிச்சைச் சுட்டிக்காட்டினார். அதனை அவர் கழற்றவில்லை. வெப்பச் சுவிச் தவறினாலும் கையால் விசிறியை எழுப்பும்படி அதனையும் ரிலேயோடு இணைத்திருந்தார். "தானா வேல செய்யிறதுக்கும் ஒரு ஆள் பாத்துக்கொண்டு இரிக்க வேணும், தம்பி" என்றார்.

முன்னர் அச்சுவிச்சை மறந்தால் கார் கொதித்தது. இப்பொழுது மறக்கலாம்; ஆனால் முள்ளையும் செவ்விளக்கையும் பார்க்க மறக்கலாகாது. 92, 87 என்னும் இரண்டு எண்களையும் மகன் தன் பௌதிகக் கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறான்.